பாடநூலில் கியூஆர் கோடு இருக்கிறது. கூடவே உட்கார்ந்து சொல்லித்தர யார் இருக்கிறார்கள்?

செங்கல்பட்டிலிருந்து ஜி.எஸ்.டி. சாலையில் பாலாற்றைத் தாண்டி மதுராந்தகம் நோக்கிச் சென்றால் இடையில் வருவது படாளம். கூட்டுறவு சர்க்கரை ஆலையாலும், வேடந்தாங்கலுக்குத் திரும்பும் கூட்டுச்சாலையாலும் வெளியூர்க்காரர்கள் அறிந்து வைத்திருக்கும் ஊர். இந்த ஊர்ப் பக்கத்தில் பத்தாம் வகுப்பு படிக்கும் ஒரு மாணவனின் கணக்குப் புத்தகத்தை வாங்கிப் புரட்டிப் பாருங்கள். அலகுகளின் இறுதியில் 'இணையச் செயல்பாடு' என்று ஒரு பகுதி இருக்கும். பக்கத்தில் கியூஆர் கோடு. அதை செல்போனில் ஸ்கேன் செய்தால் ஜியோஜிப்ரா என்ற மென்பொருளில் செய்த ஒரு பயிற்சித்தாள் திறக்கும். புள்ளியை விரலால் இழுத்தால் முக்கோணம் மாறும், வட்டம் நகரும், கோடு சாயும்.

2018 முதல் இரண்டு கல்வியாண்டுகளில் தமிழ்நாடு பாடத்திட்டம் முழுவதும் மாற்றப்பட்டபோது வந்த ஏற்பாடு இது. நல்ல ஏற்பாடு. மென்பொருளுக்குக் காசு கிடையாது. பல பள்ளிகளில் ஹைடெக் லேப் வந்துவிட்டது, தொடக்கப் பள்ளிகள் வரை ஸ்மார்ட் வகுப்பறை போய்விட்டது, ஆசிரியர்கள் கையில் அரசு கொடுத்த டேப்லெட் இருக்கிறது. ஆனால் அந்தக் கியூஆர் கோடு எத்தனை வகுப்பறையில் திறக்கப்படுகிறது? உங்கள் வீட்டுப் பிள்ளையிடம் கேட்டாலே பதில் கிடைத்துவிடும்.

பழியை ஆசிரியர் மீது போட்டுவிட்டு நகர்வது எளிது. உண்மையில் விடுபட்டிருப்பது கருவிக்கும் ஆசிரியருக்கும் நடுவே இருக்க வேண்டிய ஒரு சங்கிலி.

அந்த மென்பொருளால் என்ன லாபம்?

ஜியோஜிப்ரா என்பது ஜியோமெட்ரி, அல்ஜிப்ரா என்ற இரண்டு சொற்களையும் ஒட்டி வைத்த பெயர். ஆஸ்திரியா நாட்டின் மார்க்கஸ் ஹோஹன்வார்ட்டர் 2001ஆம் ஆண்டில் சால்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் தன் முதுகலை ஆய்வுக்காக எழுதத் தொடங்கியது. பெயரின் பின்பாதி எங்கிருந்து வந்தது என்பது நம் வாசகர்களுக்குத் தெரிந்ததுதான்: 9ஆம் நூற்றாண்டில் பாக்தாதில் அல் குவாரிஸ்மி எழுதிய நூலின் தலைப்பில் உள்ள 'அல் ஜப்ர்' என்ற சொல்தான் ஐரோப்பா போய் அல்ஜிப்ரா ஆனது.

இதன் பயனைப் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வை வைத்தே பார்க்கலாம். கணக்குத் தாளில் செய்முறை வடிவியலுக்கு 8 மதிப்பெண், வரைபடத்துக்கு 8 மதிப்பெண். மெதுவாகக் கற்கும் மாணவர்களைத் தேர்ச்சி பெற வைக்க ஆசிரியர்கள் முதலில் பிடித்துக்கொள்வது இந்த 16 மதிப்பெண்ணைத்தான். அடிப்பக்கமும், அதற்கு எதிரே உள்ள உச்சிக்கோணமும், ஒரு நடுக்கோடோ குத்துயரமோ கொடுத்து முக்கோணம் வரையச் சொல்வார்கள். மாணவன் படிகளை மனப்பாடம் செய்து வைத்திருப்பான். அடிப்பக்கம் போடு. அதன் கீழே அந்தக் கோணத்தைப் போடு. அதற்குச் செங்குத்து வரை. அடிப்பக்கத்துக்கு மையக்குத்துக்கோடு வரை. இரண்டும் வெட்டும் இடத்தில் காம்பஸை வைத்து வட்டம் போடு. முழு மதிப்பெண் வந்துவிடும்.

'உச்சியில் இருக்க வேண்டிய கோணத்தை ஏன் அடிப்பக்கத்துக்குக் கீழே போட்டாய்?' என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் மௌனம்தான் பதில். அதற்கான காரணமும் அதே புத்தகத்தில், அதே அலகில்தான் இருக்கிறது. தொடுகோட்டுக்கும் நாணுக்கும் இடையே உள்ள கோணமும், நாணின் மறுபக்க வட்டத்துண்டில் அமையும் கோணமும் சமம் என்கிற மாற்று வட்டத்துண்டு தேற்றம். தேற்றம் தனி, வரைதல் தனி என்று இரண்டு பெட்டியில் போட்டுப் படித்துவிடுகிறார்கள்.

திரையில் இதே படத்தை வரைந்து உச்சியை வட்டத்தின் மேல் மெதுவாக இழுத்துப் பாருங்கள். முக்கோணம் ஒல்லியாகிறது, குட்டையாகிறது, ஒரு பக்கமாகச் சாய்கிறது. கோணம் மட்டும் 50 பாகை என்றால் 50லேயே நிற்கிறது. அடிப்பக்கத்தைத் தாண்டி வட்டத்தின் மறுபக்கம் போனதும் சட்டென்று 130 ஆகிறது. அந்த இடத்தில் வகுப்பில் ஒருவனாவது 'சார், ஏன்?' என்று கேட்பான். கரும்பலகையில் வரைந்த படம் அசையாது. நூறு படம் வரைந்து காட்ட ஆசிரியருக்கு நேரமும் கிடையாது.

அடுத்தது முக்கோணவியல். கலங்கரை விளக்கம், படகு, இறக்கக்கோணம் என்று கணக்குகள் வரும். மாமல்லபுரத்திலோ சதுரங்கப்பட்டினத்திலோ கடலோரத்தில் வளரும் பிள்ளைக்குப் படகும் புதிதல்ல, கலங்கரை விளக்கமும் புதிதல்ல. ஆனாலும் படகு கரையை நெருங்க நெருங்கக் கோணம் எப்படி மாறுகிறது என்று கேட்டால் திகைக்கிறது. படகை நாமே இழுத்துப் பார்த்தால், தொலைவில் இருக்கும்போது கோணம் மெல்லவும் கரைக்கு அருகில் வந்ததும் வேகமாகவும் கூடுவது கண்ணில் படும். அட்டவணையில் உள்ள எண்களுக்கு அதன் பிறகுதான் உயிர் வரும்.

ஒரு எச்சரிக்கையும் தேவை. இழுத்துப் பார்த்துச் சரியாக வருகிறது என்பது நிரூபணம் ஆகாது. ஆசிரியர் ப்ரொஜெக்டரில் தானே இழுத்துக் காட்டி, பிள்ளைகள் சினிமா பார்ப்பதுபோல் பார்த்துவிட்டுப் போனால் கரும்பலகைக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. எந்த இடத்தில் இழுக்க வேண்டும், எந்த இடத்தில் நிறுத்திக் கேள்வி கேட்க வேண்டும், எப்போது திரையை அணைத்துவிட்டு நோட்டில் எழுதச் சொல்ல வேண்டும் என்பதெல்லாம் ஆசிரியரின் கைப்பழக்கம். அந்தக் கைப்பழக்கம் கியூஆர் கோடில் வராது.

கேரளம் என்ன செய்தது?

பக்கத்து மாநிலத்தில் இது நடந்திருக்கிறது. 2001இல் கேரளம் 'ஐ.டி. அட் ஸ்கூல்' என்ற திட்டத்தைத் தொடங்கியது. ஆரம்பத்தில் பாடம் முழுவதும் ஒரே தனியார் நிறுவனத்தின் மென்பொருளைச் சுற்றியே இருந்தது. ஆசிரியர் அமைப்புகளிலிருந்தே எதிர்ப்பு வந்தது. ஒரு நிறுவனத்தின் பொருளை விற்கும் வேலையை அரசுப் பள்ளி ஏன் செய்ய வேண்டும் என்பதே கேள்வி. அதன் பிறகு திட்டம் படிப்படியாகக் கட்டற்ற மென்பொருளுக்கு மாறியது. 2008 வாக்கில் எஸ்.எஸ்.எல்.சி. மாணவர்களின் ஐ.டி. செய்முறைத் தேர்வே லினக்ஸ் கணினிகளில் நடந்தது. 2017இல் அந்தத் திட்டமே 'கைட்' என்ற அரசு நிறுவனமாக மாற்றப்பட்டது. நீண்ட காலம் அதை வழிநடத்தியவர் கே. அன்வர் சாதத்.

கேரளம் என்றதும் எல்லோரும் லினக்ஸைப் பற்றிப் பேசுவார்கள். ஆனால் நாம் உற்றுக் கவனிக்க வேண்டியது அவர்கள் ஆட்களை வைத்த விதம். ஒவ்வொரு பள்ளியிலும் ஒரு ஆசிரியர் ஐ.டி. ஒருங்கிணைப்பாளர். அவருக்கு மேல் மாவட்டத்தில் 'மாஸ்டர் டிரெய்னர்'கள். இவர்கள் வெளியிலிருந்து வந்த கம்ப்யூட்டர் கம்பெனி ஆட்கள் இல்லை. வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டிருந்த ஆசிரியர்கள். கணக்கு ஆசிரியருக்கு ஜியோஜிப்ரா சொல்லிக்கொடுத்தவரும் கணக்கு ஆசிரியரே. விடுமுறையில் பயிற்சி முடிந்து, ஜூனில் வகுப்பில் திரை உறைந்து நின்றுவிட்டால் யாரைக் கூப்பிடுவது என்று அவருக்குத் தெரியும். 2018இல் மாணவர்களுக்கென்றே 'லிட்டில் கைட்ஸ்' மன்றங்களும் வந்தன. மென்பொருளைக் கணக்குப் பாடநூலிலும் வைத்தார்கள், ஐ.டி. தேர்விலும் வைத்தார்கள். தேர்வில் வந்தால் வகுப்பில் வரும் என்பது நம் நாட்டில் எழுதப்படாத சட்டம்!

கர்நாடகத்தில் வேறு வழி. பெங்களூருவைச் சேர்ந்த 'ஐ.டி. ஃபார் சேஞ்ச்' என்ற தொண்டு நிறுவனம் மாநிலக் கல்வித் துறையுடன் சேர்ந்து, கணக்கு, அறிவியல், சமூக அறிவியல் ஆசிரியர்களுக்குப் பாடவாரியாகத் தனித்தனிக் குழுக்களை உருவாக்கியது. பயிற்சி முடிந்தபிறகும் ஆசிரியர்கள் ஒருவருக்கொருவர் சந்தேகம் கேட்டுக்கொள்ளவும், தாங்கள் செய்த கோப்புகளைக் கன்னடத்தில் பகிர்ந்துகொள்ளவும் அந்தக் குழுக்கள் பயன்பட்டன. பயிற்சி நாளை விடப் பயிற்சிக்கு அடுத்த நாளைப் பற்றி யோசித்த ஏற்பாடு அது.

நம்மிடம் இல்லாதது எது?

தமிழ்நாட்டுக்கு இது புதிய விஷயம் என்று யாரும் நினைக்க வேண்டாம். 1965இல் சென்னையில் தொடங்கப்பட்ட இந்தியக் கணித ஆசிரியர் சங்கம், கம்ப்யூட்டர் இல்லாத காலத்திலேயே ஆசிரியர்களை ஒன்று சேர்த்தது. ராயபுரத்தில் ராமானுஜன் அருங்காட்சியகத்தை உருவாக்கிய பி.கே. சீனிவாசன் என்ற பள்ளி ஆசிரியர், காகிதத்தை மடித்தே கணக்கு சொல்லிக்கொடுக்கலாம் என்று பல ஊர் ஆசிரியர்களுக்குக் காட்டியவர்.

கட்டற்ற மென்பொருளும் நமக்குப் புதிதல்ல. 'பாஸ்' என்ற இந்திய லினக்ஸை உருவாக்கியதே சென்னையில் உள்ள சி-டாக் நிறுவனம்தான். பள்ளிகளுக்கென்று கல்வி மென்பொருள்களைச் சேர்த்து 'எடு பாஸ்' பதிப்பையும் அவர்கள் வெளியிட்டார்கள். 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட மடிக்கணினிகள் மாணவர்களுக்குப் போயின. விண்டோஸுடன் சேர்த்து பாஸ் லினக்ஸும் அவற்றில் வந்தது. பல மாணவர்கள் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. அதில் என்ன இருக்கிறது என்று சொல்லிக்கொடுக்க எந்த ஆசிரியருக்கும் யாரும் சொல்லிக்கொடுக்கவில்லையே!

பயிற்சி அமைப்பு என்று பார்த்தாலும் காகிதத்தில் குறை இல்லை. மேலே மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனம், அடுத்து மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனங்கள், பிறகு வட்டார வள மையம், கடைசியில் சில பள்ளிகளுக்கு ஒன்றாகக் குறுவள மையம். மாநிலக் கருத்தாளர் மாவட்டக் கருத்தாளருக்கும், அவர் வட்டாரக் கருத்தாளருக்கும், அவர் ஆசிரியருக்கும் சொல்லிக்கொடுப்பார். 2022இல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டம் இந்த வழியாகத்தான் மாநிலத்தின் மூலை முடுக்கு வரை போய்ச் சேர்ந்தது. ஆகவே, நினைத்தால் இந்த அமைப்பால் முடியும்.

சிக்கல் என்னவென்றால் இந்தக் குழாயில் தண்ணீர் மேலிருந்து கீழே மட்டும்தான் வருகிறது. நான்கு கை மாறி வரும்போது விஷயம் நீர்த்துப் போகிறது. முதல் கருத்தாளர் தானே கணினியில் செய்து பார்த்திருப்பார். கடைசியில் ஆசிரியருக்குக் கிடைப்பது ஒரு பவர்பாயிண்ட் காட்சி. மதுராந்தகத்துக்குப் பயிற்சிக்குப் போய்விட்டு வந்த ஒரு ஆசிரியருக்கு அடுத்த வாரம் சந்தேகம் வந்தால், அது மேலே போக வழி இல்லை. அவர் செய்த நல்ல கோப்பு ஒன்று பக்கத்துப் பள்ளிக்குப் போகவும் வழி இல்லை. இதற்கு நடுவில் எமிஸ் பதிவேற்றம் வேறு. பள்ளியில் கணினியைத் தொடும் நேரமெல்லாம் தகவல் பதியவே போய்விடுகிறது என்பது ஆசிரியர்கள் நெடுநாளாகச் சொல்லிவரும் புகார். ஹைடெக் லேபும் இணையவழி வினாடி வினாவுக்குத்தான் அதிகம் திறக்கப்படுகிறது.

இப்போது செயற்கை நுண்ணறிவு, ரோபாட்டிக்ஸ் பாடங்களைப் பள்ளிக்குக் கொண்டுவரும் முயற்சிகளைப் பற்றிப் பேச்சு அடிபடுகிறது. வரவேற்க வேண்டியதுதான். வடிவியலை மென்பொருளில் காட்டவே ஆசிரியருக்குத் துணை இல்லாத நிலையில், அடுத்த படிக்குத் தாவினால் அதுவும் இன்னொரு கியூஆர் கோடாகத்தான் மிஞ்சும்.

நிதியும் உரிமையும்

அரசுப் பள்ளி ஆசிரியர் பயிற்சிக்கான பணத்தில் பெரும்பகுதி 'சமக்ர சிக்ஷா' திட்டத்திலிருந்து வருவது. பி.எம்.ஸ்ரீ பள்ளிகள் திட்டத்தில் கையெழுத்திடவில்லை என்ற காரணத்தால் 2024-25ஆம் ஆண்டுக்கான 2,152 கோடி ரூபாயை ஒன்றிய அரசு தமிழ்நாட்டுக்குத் தராமல் நிறுத்தி வைத்தது. 2025 மே மாதம் மாநில அரசு உச்ச நீதிமன்றத்துக்கே போனது. தேசியக் கல்விக் கொள்கையை ஏற்பதா, எதிர்ப்பதா என்று தொலைக்காட்சிகளில் விவாதம் நடந்தது. ஆனால் இப்படிப் பணம் நிற்கும்போது எந்த நிர்வாகமும் முதலில் எதில் கை வைக்கும்? சம்பளத்தையும் கட்டடத்தையும் நிறுத்தினால் சத்தம் வரும். பயிற்சியை ஒரு ஆண்டு தள்ளிப்போட்டால் யாரும் தெருவுக்கு வர மாட்டார்கள். டெல்லிக்கும் சென்னைக்கும் நடக்கும் சண்டையில் படாளத்துப் பிள்ளை இழப்பது இப்படிக் கண்ணுக்குத் தெரியாமல்தான்.

இன்னொரு விஷயம், இலவசம் என்ற சொல். இலவசமாகக் கிடைப்பது வேறு, கட்டற்றது வேறு. கட்டற்ற மென்பொருள் என்றால் யாரும் பயன்படுத்தலாம், நகல் எடுக்கலாம், திருத்தலாம், திருத்தியதைப் பகிரலாம். லிப்ரே ஆபிஸும் மேக்சிமாவும் அந்த வகை. ஜியோஜிப்ராவை வணிக நோக்கமின்றிப் பயன்படுத்தினால் இலவசம். வணிகத்துக்கு என்றால் நிறுவனத்தோடு ஒப்பந்தம் வேண்டும். பள்ளிக்கு இதனால் உடனடித் தொல்லை ஏதும் இல்லை. ஆனால் 2021 டிசம்பரில் அந்த நிறுவனத்தை வாங்கியது யார் தெரியுமா? பைஜூஸ். செயலிகள் தொடர்ந்து இலவசமாகவே கிடைக்கும் என்று அப்போது அறிவித்தார்கள். 2024 ஜூலையில் பைஜூஸ் மீதே பெங்களூரு தேசிய நிறுவனச் சட்டத் தீர்ப்பாயத்தில் திவால் நடவடிக்கை தொடங்கியது.

நம் பாடநூல்களில் அச்சடித்த அந்தக் கியூஆர் கோடுகள் எல்லாம் போய்ச் சேர்வது ஜியோஜிப்ராவின் இணையதளத்துக்குத்தான். நாளை அந்தத் தளத்தின் உரிமையாளர் முகவரியை மாற்றினாலோ கட்டணம் கேட்டாலோ, லட்சக்கணக்கான புத்தகங்களில் உள்ள அந்தப் பகுதி வெறும் கறுப்புக் கட்டமாகிவிடும். இதைத் தடுக்கப் பெரிய செலவு ஆகாது. ஜியோஜிப்ராவைக் கணினியில் நிறுவி இணையம் இல்லாமலே ஓட்டலாம். தமிழ் இடைமுகமும் இருக்கிறது. பயிற்சித்தாள்களைக் கோப்புகளாக இறக்கி அரசின் சொந்த சர்வரிலும், வட்டார வள மையத்திலும், பள்ளியின் கணினியிலும் வைத்துவிட்டால் போதும். செல்போன் சிக்னல் விட்டு விட்டு வரும் கிராமத்துப் பள்ளிக்கும் அதுவே வசதி. மும்பை ஐ.ஐ.டி.யின் 'ஸ்போக்கன் டுடோரியல்' திட்டத்தில் இந்த மென்பொருளுக்கான பாடங்கள் தமிழ்க் குரலிலேயே இருக்கின்றன. அவற்றையும் சேர்த்துக்கொள்ளலாம்.

அரசு செய்யக்கூடியது இன்னும் ஒன்று உண்டு. மாதம் ஒரு சனிக்கிழமை குறுவள மையத்தில் கணக்கு ஆசிரியர்கள் மட்டும் கூடட்டும். சுற்றறிக்கை வாசிக்காமல், வரும் மாதம் நடத்தப்போகும் ஒரே ஒரு பாடத்தை எல்லோரும் கணினியில் செய்து பார்க்கட்டும். செங்கல்பட்டு மாவட்டத்திலேயே, சிறுசேரியில், நாட்டின் சிறந்த கணித ஆய்வு நிறுவனங்களில் ஒன்றான சென்னைக் கணிதவியல் நிறுவனம் இருக்கிறது. வருடத்துக்கு ஓரிரு முறை அங்கிருந்து யாராவது இந்தக் கூட்டத்துக்கு வந்தால் ஆசிரியர்கள் கேட்பதற்கு நிறையக் கேள்விகள் வைத்திருப்பார்கள். அகமதிப்பீட்டில் ஒரு செயல்பாட்டுக்குச் சில மதிப்பெண் ஒதுக்கினால் வகுப்பிலும் வேகம் வரும்.

சமுதாயப் பள்ளிகளின் நிலை

அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளுக்காவது இப்படி ஒரு குழாய் இருக்கிறது. சுயநிதியில் நடக்கும் சிறிய மெட்ரிக், நர்சரிப் பள்ளிகளுக்கு அதுவும் பெரும்பாலும் எட்டுவதில்லை. நம் ஜமாஅத்துகளும் அறக்கட்டளைகளும் நடத்தும் பள்ளிகள் பல இந்த வகைதான். வளைகுடாவில் இருக்கும் முன்னாள் மாணவர்கள் ஊருக்கு வரும்போது பள்ளிக்கு என்ன வேண்டும் என்று கேட்கிறார்கள். நிர்வாகம் ஸ்மார்ட் போர்டு என்கிறது. அதன் விலை எளிதில் லட்சம் ரூபாயைத் தாண்டுகிறது. திறப்பு விழா, புகைப்படம், சால்வை எல்லாம் முடிந்து ஆறு மாதத்தில் அது வீடியோ போடும் திரையாகிவிடுகிறது.

இந்தப் பள்ளிகளில் கணக்கு ஆசிரியர் ஒரு நாள் பயிற்சிக்குப் போக வேண்டுமென்றால் அன்று அவர் வகுப்பை எடுக்க ஆள் இருக்காது. அதனாலேயே அவரை அனுப்ப மாட்டார்கள். அனுப்பினாலும் சில இடங்களில் அன்றைய சம்பளத்தைப் பிடித்துக்கொள்கிறார்கள். உதவி செய்ய நினைக்கும் சகோதரர்கள், போர்டுக்குப் பதில் அந்த ஒரு நாளுக்கான மாற்று ஆசிரியரின் ஊதியத்தையும் பயிற்சிக்குப் போகும் ஆசிரியரின் பஸ் செலவையும் ஏற்றுக்கொண்டால், அதே பணத்தில் ஒரு வட்டாரத்தின் அத்தனை கணக்கு ஆசிரியர்களும் ஒரு வருடம் முழுக்க மாதம் ஒருமுறை கூடலாம். மென்பொருளுக்கு ஒரு பைசா தேவையில்லை. பழைய கணினியே போதும். அதுவும் இல்லையென்றால் ஆசிரியரின் செல்போனிலும் ஓடும்.

செங்கல்பட்டு, மதுராந்தகம், திருக்கழுக்குன்றம், கல்பாக்கம் பக்கத்துப் பள்ளி நிர்வாகங்கள் நான்கைந்து பேர் பேசினாலே இதைத் தொடங்கலாம். அருகிலுள்ள அரசுப் பள்ளியின் கணக்கு ஆசிரியரையும் அழைத்துக்கொள்ளலாம். அவருக்கும் இந்தத் துணை இல்லை. பத்தாம் வகுப்புப் புத்தகத்தில் வடிவியல் நான்காவது அலகு. ஜூனில் பள்ளி திறந்து முதல் மூன்று அலகுகளை முடித்துவிட்டு ஆசிரியர் அங்கே வந்து சேரச் சில மாதங்கள் ஆகும். முதல் சனிக்கிழமையை அதற்கு முன்னால் வைத்துக்கொண்டால், வட்டத்தின் மேல் உச்சியை இழுத்துப் பார்க்கும் அந்தப் பாடத்திலிருந்தே ஆரம்பிக்கலாம்.